துணைக்கு ஒரு பிராய்லர்

சாவில் பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை, அது ஒரு சமன்பாட்டில் வரும் கழித்தல் குறி மட்டுமே என்று அரவிந்தன் அறிவித்தபோது, தன் அப்பாவின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"எலியோ மனுஷனோ, பொறப்பு ஒரு கூட்டல், சாவு ஒரு கழித்தல். உலகத்துல இதுவரைக்கும் செத்த அத்தனை பேரையும் ரெண்டே வரியில எழுதிடலாம்" என்றான்.

"அந்த ரெண்டு வரிய அப்பறமா எய்துவியாம். மொதல்ல முடிச்ச ஒயுங்கா போடு" என்றாள் ராஜகுமாரி அத்தை. அப்பாவின் அக்கா. தம்பி போன துக்கத்திலும் முடிச்சு விஷயத்தில் அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அரவிந்தன் எம்.எஸ்ஸி. கணிதம், கடைசி வருடம். காலையிலிருந்து அழவில்லை. அதைப் பற்றிப் பந்தலில் இரண்டு கருத்துகள் நிலவின. பிள்ளை தைரியசாலி என்பது ஒன்று. படிப்பு முற்றிவிட்டது என்பது இன்னொன்று.

அப்பா ஜெகதீசன் செம்பரம்பாக்கம் பக்கம் ஓர் அரிசி கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். இரவு ஷிப்டு முடிந்து, விடிவதற்கு முன்பே பாரிவாக்கத்து வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றியது அரவிந்தன். பூந்தமல்லிக்கு ஆட்டோவில் கொண்டு போனார்கள். டாக்டர் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையை மெதுவாகப் படுக்கையில் வைத்தார். வைத்த விதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அரவிந்தனுக்குத் துக்கப்பட நேரம் கிடைக்கவில்லை. ஐஸ் பெட்டி வந்தது. அதன் ஒயர் பிளக் வரை எட்டவில்லை. எட்டிய ஒரே பிளக்கில் பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்ஜைப் பிடுங்கினால் உள்ளே இருக்கும் இட்லி மாவு என்ன ஆகும் என்று ஒரு பெண் கவலைப்பட, மாவை எந்த வீட்டு பிரிட்ஜில் வைப்பது என்று ஒரு சிறிய கூட்டம் கூடிப் பேசியது. இதற்கிடையில் உறவினர்கள் போன் செய்து வழி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிக்னலில் இருந்து லெஃப்ட், தண்ணி டேங்க், அதற்கு எதிர்ச் சந்து என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் எல்லோரும் ரைட்டில் போய்விட்டு மறுபடி போன் செய்தார்கள்.

இந்த நிலையில்தான் அத்தை அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"இன்னிக்கு சனிக்கெயம."

அம்மா பேபி, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள், அத்தையைப் பார்க்கவில்லை. தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

சனிக்கிழமை செத்தவர் தனியாகப் போகமாட்டார், துணைக்கு வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூப்பிடுவார் என்பது அந்தப் பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். அதைத் தடுக்க ஒரே வழி, பாடையில் உயிரோடு ஒரு கோழியைக் கட்டி அனுப்புவது. அரவிந்தனின் அக்கா பானுப்பிரியா கோவில்பதாகையில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம். போன வருடம் உண்டானது தங்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று அவளை வரவிடவில்லை. வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடுவது என்றால் அப்பா யாரைக் கூப்பிடுவார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா போனைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"செத்தவர் வேட்டைக்குப் போவாரா? அதுவும் சொந்தப் பொண்ண?" என்றான் அரவிந்தன். "கோழிய குடுத்து ஏமாத்தறதுக்கு அப்பா என்ன முதலையா?"

"துணைன்னா துணை. அதுல வேட்டை எங்கடா வந்துச்சு?"

"சரி, சனிக்கிழமைன்னு யார் சொன்னது? விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. உங்க பஞ்சாங்கப்படி சூரியன் வந்தாத்தான் நாள் மாறும். அப்பா செத்தது வெள்ளிக்கிழமை."

பந்தல் கொஞ்சம் அசைந்தது. இந்தக் கோணத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தாய்மாமன் தங்கவேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் யூனியன் பார்த்தவர். பேச்சுவார்த்தையில் எழுந்து போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"டாக்டரு குடுத்த சீட்டுல இன்னா நாளு போட்டுக்கீது?"

"அது இங்கிலீஷ் நாள் மாமா."

"கவர்மெண்டு ஒத்துக்குற நாளா, இல்லையா?"

இப்படியாக, பகுத்தறிவு பஞ்சாங்கத்தின் பக்கம் நின்றது; நம்பிக்கை டாக்டர் சீட்டின் பக்கம் நின்றது. இரண்டு பக்கமும் தங்கள் ஆவணத்தை விடுவதாக இல்லை. அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள்.

"செத்தது எப்பவோ இருக்கட்டும். எடுக்கறது இன்னிக்கி."

அரவிந்தன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "கேளுங்க மாமா. ஒவ்வொரு சனிக்கிழமைப் பொணமும் ஒரு ஆளக் கூப்பிடுதுன்னு வெச்சுக்குங்க. அவரு அடுத்த சனிக்கிழமை போறாரு. அவரும் ஒருத்தர கூப்பிடறாரு. அவர் வேற ஒருத்தர. கம்ப்யூட்டர்ல போட்டா நிக்கவே நிக்காது. இந்நேரம் ஆவடி, பூந்தமல்லி எல்லாம் காலியா இருக்கணும். ஆள் இருக்காங்கள்ல?"

தங்கவேல் மாமா யோசித்தார்.

"அதான் எல்லாரும் கோயி கட்டிடறாங்களே. அதான் காலியாவல."

அந்த வாதத்தின் மீது அரவிந்தனுக்கு வந்த எரிச்சலுக்கு எல்லையில்லை. அவன் எழுந்து நின்றான்.

"பாடையில கோழி ஏறுச்சுன்னா நான் கொள்ளிச்சட்டி தூக்க மாட்டேன். அப்பறம் உங்க இஷ்டம்."

சொன்னபிறகுதான் அம்மாவைப் பார்த்தான். அவள் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் மறுபடி ஈரம் படிந்தது. மறுபடி துடைத்தாள்.

*

அரவிந்தனின் ப்ராஜெக்ட்டே வேட்டையைப் பற்றியதுதான். ஒரு கோடவுன். உள்ளே எலிகள். எலிகளைத் தின்னும் பூனைகள். எலி பெருகினால் பூனைக்குச் சாப்பாடு, பூனை பெருகும். பூனை பெருகினால் எலி குறையும். எலி குறைந்தால் பூனை பட்டினி, பூனை குறையும். பூனை குறைந்ததும் எலி மறுபடி தலையெடுக்கும். கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் திரையில் இரண்டு கோடுகள் அலை போல ஏறி இறங்கும். எலிக்கோடு முன்னால், பூனைக்கோடு கொஞ்சம் பின்னால், பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.

இந்தக் கோடவுன் யோசனையே அப்பாவின் கோடவுனில் இருந்து வந்தது. பகல் ஷிப்டு இருக்கும் வாரங்களில் அவர் சாப்பிட்டு முடித்து, கை ஈரத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டே வந்து, அவன் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காருவார்.

"தூங்கலையாப்பா?"

"நீ பாட்டுக்குப் பண்ணு. சொம்மா துணைக்கு குந்திகினு கீறேன்."

அவருக்குச் சமன்பாடு தெரியாது. ஆனால் கட்சி இருந்தது. அவர் பூனைக் கட்சி. பூனைக்கோடு தரையை நோக்கி விழும்போதெல்லாம் மேட்ச் பார்க்கிறவர் போல முன்னால் குனிவார். அது தரையைத் தொடாமல் தப்பி மேலே ஏறும்போது, "ஏறிட்டாண்டா" என்று அவன் தோளில் தட்டுவார்.

ஆனால் கைடு ஹேமாவதி மேடத்துக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. போன வாரம் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இந்த இடத்துல எத்தனை பூனை இருக்கு, அரவிந்தன்?"

"பாயின்ட் ஜீரோ மூணு மேடம்."

"நூறுல மூணு பங்கு பூனை. அதுக்கு வால் இருக்குமா, மீசை இருக்குமா?"

"அது சராசரி மேடம்."

"ஒண்ணுக்குக் கீழ போச்சுன்னா பூனை செத்துப் போச்சுன்னு அர்த்தம். உங்க பூனை சாகவே மாட்டேங்குது. நூறுல மூணு பங்கு பூனை எப்படியோ எழுந்து வந்து மறுபடி குட்டி போடுது. ஒரு வரி சேருங்க. ஒண்ணுக்குக் கீழ போனா பூஜ்யம். அப்பறம் ஓட்டிப் பாருங்க."

அவன் அந்த வரியைச் சேர்த்தான். ஓட்டினான். பூனைக்கோடு இறங்கி, தரையைத் தொட்டு, அங்கேயே படுத்துவிட்டது. எலிக்கோடு மட்டும் திரையைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது. பின்னால் ஸ்டூலில் இருந்த அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். செத்துப் போச்சு."

"செத்துப் போறதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அவர் போனதும் அரவிந்தன் அந்த வரியை எடுத்துவிட்டான். இன்னும் சேர்க்கவில்லை.

*

கோழி வாங்கும் பொறுப்பை அத்தை தன் மகன் தினேஷிடம் ஒப்படைத்தாள். தினேஷ் ஓடியாடி வேலை செய்கிறவன். ஆனால் ஓடாமலேயே செய்ய முடிந்தால் அதையே விரும்புவான். போனை எடுத்து ஆப்பில் ஆர்டர் போட்டுவிட்டு, "மேட்டர் முடிஞ்சிச்சு" என்று உட்கார்ந்துவிட்டான்.

டெலிவரிக்காரர் பந்தலையும் பெட்டியையும் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றினார். பையைக் கொடுத்துவிட்டு ரேட்டிங்கூடக் கேட்காமல் போனார். பையில் தோல் நீக்கி, சின்னத் துண்டுகளாக வெட்டிய கோழிக்கறி இருந்தது. கொத்தமல்லி இலவசம்.

தங்கவேல் மாமா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இத்த எப்டிடா கட்றது? கவரோடயா, பிரிச்சா?"

"உசுரோடன்னு ஆப்ஷன் இல்ல மாமா" என்றான் தினேஷ்.

"அப்பாவுக்குத் துணைக்கு அனுப்பறீங்களா, சால்னாவுக்கு அனுப்பறீங்களா?" என்றான் அரவிந்தன். அன்றைக்கு முதல்முறையாக அவனுக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்திருந்தது. அத்தை தன் மகனின் முதுகில் வைத்தாள் ஒன்று.

தினேஷ் வண்டியை எடுத்துக்கொண்டு நாட்டுக்கோழி தேடிப் போனான். ஏரிக்கரை வரை சுற்றினான். கோழி மேய்ந்த இடமெல்லாம் மனைப் பிரிவாகவும் லாரி நிறுத்தமாகவும் இருந்தது. கடைசியில் முனையிலிருந்த கறிக்கடைக் கூண்டிலிருந்து ஒரு பிராய்லரைக் காலில் சணல் கட்டித் தூக்கி வந்தான். வெள்ளையாக, கனமாக இருந்தது. கீழே விட்டதும், நிற்பதா உட்காருவதா என்று யோசித்து, உட்கார்ந்தது.

பந்தலில் அடுத்த விவாதம் தொடங்கியது. பிராய்லர் கணக்கில் சேருமா?

"அது ஊசி போட்டு வளத்தது. அதுக்குப் பாதி உசுருதான்" என்றார் யாரோ ஒரு பெரியவர்.

அரவிந்தன் இதை விடுவானா. "பாதி உசுருன்னா பாதி ஆளத்தான் காப்பாத்தும். ரெண்டா வாங்கிடலாமா?"

"உசுருன்னா முழு உசுருதான்" என்று தங்கவேல் மாமா முடித்து வைத்தார். "பாதி, கால்னு உசுரு கெடயாது. ஒண்ணு கீது, இல்லன்னா இல்ல. அவ்ளோதான்."

இதே விஷயத்தை அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துச் சொன்ன மேடத்தை அரவிந்தனுக்குப் போன வாரம்தான் பிடிக்காமல் போயிருந்தது. மாமாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தான்.

அத்தை கோழியைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பியின் தலைமாட்டில் நின்று, ஒத்திகை பார்ப்பது போலச் சொன்னாள். "ஜெகதீசா, இது உனுக்குத் துணை. இத்த இட்டுகினு போ. வேற யாரயும் கூப்டாத."

"பேரம் பேசறாங்கப்பா" என்றான் அரவிந்தன், பெட்டியைப் பார்த்து. "ஒத்துக்காத. ரெண்டு கேளு."

யாரும் சிரிக்கவில்லை. அவன் அத்தையின் கையிலிருந்து கோழியை வாங்கினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சணலை அவிழ்த்துத் தெருவில் விட்டான்.

"போ. உனக்கு விடுதலை."

கோழி போகவில்லை. அவன் கையைத் தட்டினான். காலால் தரையை உதைத்தான். கோழி கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்துவிட்டு, இரண்டு எட்டு வைத்து, களைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்காலியில் இருந்த கோடவுன் சூப்பர்வைசர் மரியாதையாகக் கால்களை ஒதுக்கிக்கொண்டார். துரத்தினால் இரை ஓடும் என்பது அவன் ப்ராஜெக்ட்டின் முதல் பக்கத்திலேயே உள்ள அடிப்படை. ஓடத் தெரியாத இரைக்கு அதில் இடமே விடப்படவில்லை.

"விட்டுத்தள்ளு மாமா" என்று தினேஷ் மாமாவிடம் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னான். "எடுக்குற நேரத்துல கட்டிக்கலாம். அவன் முன்னாடி போய்கினு இருப்பான், திரும்பிப் பாக்க மாட்டான்."

"கேட்டுடுச்சுடா" என்றான் அரவிந்தன்.

*

மேளம் வந்தது. மேளக்காரர்கள் தோலைக் காயவைக்கத் தெருவோரம் குப்பையைக் கொளுத்தினார்கள். பூ போட்ட வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் பின்னோக்கி வந்து, மின்கம்பத்தில் இடித்து, அதற்கும் ஒரு பஞ்சாயத்து ஆயிற்று. அரவிந்தன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியும் வெற்று மார்புமாக நின்றான். கொள்ளிச்சட்டி தயாராக இருந்தது. அவன் தூக்குவானா மாட்டானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே எல்லோரும் ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

அம்மா அவனருகே வந்து, தோளில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்துப் போட்டாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தான்.

"பானு போன்ல கீறா. மூஞ்ச காட்டு" என்று போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

திரையில் அக்காவின் முகம் அழுது வீங்கியிருந்தது. பின்னால் மாமியார் வீட்டு அலமாரி. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள் பானுப்பிரியா. கிரகணத்தன்று வாசலில் நின்று பிஸ்கட் தின்று காட்டியவள். அரவிந்தனின் பகுத்தறிவுக் கட்சிக்கு வீட்டில் இருந்த ஒரே உறுப்பினர்.

அவன் போனைக் கண்ணாடிக்கு மேலே பிடித்தான்.

"ஒண்ணும் தெரியல. பனி மாதிரி கீது. தொடச்சி விடு."

தோளில் கிடந்த துண்டால் துடைத்தான்.

"வாய ஏன் கட்டிக்கீறீங்க?"

"தொறந்துக்குமாம்."

"அப்பா வாய மூடிகினு நான் பாத்ததே இல்லடா."

மேளக்காரர் ஒருவர் தோலைத் தட்டிப் பார்த்தார். பிறகு அக்கா, குரலைத் தாழ்த்தி, "கோழி கட்டிட்டீங்களா?" என்றாள்.

அரவிந்தனுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லவேளை கேட்ட. காலையில இருந்து ஒரே கூத்து. மொதல்ல கறியா வந்துச்சு, கொத்தமல்லியோட…"

அவள் சிரிக்கவில்லை.

"கட்டிட்டீங்களா, இல்லயா?"

"நீயுமாக்கா?"

"எனுக்காக இல்ல" என்றாள் வேகமாக. திரையில் அவள் கை தெரியவில்லை. ஆனால் தோள் அசைந்த விதத்தில் கை எங்கே போய் நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. "அப்பாவுக்குத் தனியா இருக்க முடியாதுடா. கரண்ட் போனாலே யார்னா கூட வாங்கன்னு கூப்புடும். நைட்டு ஷிப்டுன்னா எனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சிகினுதான் வண்டி ஓட்டும். பேசவும் செய்யாது. சொம்மா லைன்ல இரு பானு, துணைக்குன்னு சொல்லும். நானும் எதுனா வேல பாத்துகினு இருப்பேன்."

அவனுக்கு இது தெரியாது.

"நேத்து நைட்டும் போன்…" என்று ஆரம்பித்தான்.

திரையில் முகம் போய்விட்டது. மின்விசிறியும் கூரையும் தெரிந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கட்டியாச்சுக்கா" என்றான் அரவிந்தன். "கோழி கட்டியாச்சு. வெள்ளையா, பெருசா."

கூரை பேசியது. "எம்மேல சத்தியமா?"

சத்தியம் என்பது காற்றில் எழும் ஒலி, அதற்கு யாரையும் ஒன்றும் செய்யும் சக்தி கிடையாது என்று பேசிக் கல்லூரியில் பரிசு வாங்கியவன் அவன். கேடயம் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"டேய்."

"சத்தியமா" என்றான். போனைத் தினேஷின் கையில் திணித்துவிட்டு நாற்காலிகளை நோக்கி ஓடினான்.

*

சூப்பர்வைசரின் நாற்காலிக்கு அடியில் கோழி இல்லை. சூப்பர்வைசரும் இல்லை. அவன் குனிந்து ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டு போனான். ஈர வேட்டியோடு மகன் தரையில் தவழ்வதைப் பார்த்து, இதுவரை அடக்கிவைத்த துக்கம் இப்போதுதான் வெடித்திருக்கிறது என்று இரண்டு பெண்கள் அழுதார்கள்.

"எடுக்கலாமா?" என்று வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"இருங்கண்ணா, ஒரு நிமிஷம்."

"நல்ல நேரம் முடிஞ்சிரும் தம்பி."

"ஒரு நிமிஷம்னு சொல்றேன்ல."

அவன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினான். தண்ணீர்த் தொட்டிக்கும் மோட்டாருக்கும் இடையில், சுவரோரமாக, கோழி உட்கார்ந்திருந்தது. அதற்கு எதிரே மதில்மேல் ஒரு சாம்பல் பூனை. பூனைக்கு அவசரமில்லை. முன்னங்கால்களை மடித்துக்கொண்டு, வால் நுனியை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. கோழியோ பூனையை ஒரு சக பயணியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் எத்தனையோ ஆயிரம் தடவை நடந்ததை அவன் அத்தனை அருகில் பார்த்தது அப்போதுதான். அப்பாவாக இருந்தால் பூனைப் பக்கம் இருந்திருப்பார்.

"ச்சூ. போ. போடா."

பூனை அவனை நிதானமாக எடைபோட்டது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவன் என்று முடிவு செய்து, இறங்கி அடுத்த வீட்டுக்குள் போயிற்று. அவன் குனிந்து கோழியை இரண்டு கையாலும் அள்ளினான். அது திமிறவில்லை. சூடாக இருந்தது. இறகுக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

ஒரு கையில் கோழியோடு அவன் முன்பக்கம் வந்தபோது மேளம் தானாக நின்றது. தினேஷ் வாயைத் திறந்தான். அத்தை அவன் காலை மிதித்தாள். தங்கவேல் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பேச்சுவார்த்தையில் ஜெயித்த பக்கம் கைதட்டக்கூடாது என்பது அவர் முப்பது வருடம் கடைப்பிடித்த ஒழுங்கு.

அரவிந்தன் யாரையும் பார்க்காமல் இன்னொரு கையில் கொள்ளிச்சட்டியின் கயிற்றைப் பிடித்தான்.

"எடுங்க" என்றான்.

அம்மா அவனைத் தாண்டி வண்டியைப் பார்த்தாள். பிறகு அன்றைக்கு முதல்முறையாகக் குரலெடுத்து அழுதாள்.

பெண்கள் தெருமுனை வரைதான். அங்கே வண்டி நின்றது. அத்தை அவனருகே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "வண்டி திரும்புறப்ப, கோயிய வெச்சிகினு நான் சொன்னேன் பாரு, அந்த மூணு வார்த்தைய சொல்லிடு நைனா. நாங்க அங்க வர முடியாது. புள்ளதான் சொல்லணும்" என்றாள்.

"அதெல்லாம் நான் சொல்லமாட்டேன் அத்தை."

"சரி" என்றாள் அத்தை, சண்டை போடாமல்.

கொள்ளிச்சட்டியை மாமா வாங்கிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினார். அரவிந்தன் பின்னால் ஏறி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். எதிரே தினேஷ் பூவைப் பிய்த்துத் தெருவில் எறிந்துகொண்டிருந்தான்.

"குடு மச்சான், கம்பில கட்டிடறேன்" என்று கோழிக்குக் கை நீட்டினான்.

"வேணாம். வெடி போடுவாங்க. பயந்துக்கும்."

"அது இன்னா மாமே, எப்டியும்…"

"மடியிலயே இருக்கட்டும்."

வண்டி ஆவடி சாலைக்குத் திரும்பியது. மேளம் உச்சத்துக்குப் போனது. தெருவில் சிலர் ஆடிக்கொண்டு வந்தார்கள். அரவிந்தன் குனிந்தான். மாலைகளை ஒதுக்கி, அப்பாவின் காதருகே வாயைக் கொண்டுபோனான். அத்தையின் மூன்று வாக்கியங்களையும் சொன்னான். மூன்றாவதில் மட்டும் 'யாரையும்' என்ற இடத்தில் 'அக்காவை' என்று மாற்றிச் சொன்னான்.

நிமிர்ந்தபோது தினேஷ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சொன்னே?"

"டிரைவர மெதுவா போகச் சொன்னேன்."

"டிரைவரு முன்னாடி கீறாரு."

"கேட்டிருக்கும்."

முன்னால் சரவெடியைப் பற்றவைத்தார்கள். அரவிந்தன் கோழியின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். வெடி ஓய்ந்து புகை கலைந்தபின் கையை எடுத்துப் பார்த்தான். அது கீழ் இமையை மெல்ல மேலே ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டிருந்தது. எழுப்பவில்லை. ஈர வேட்டியின் நுனியை இழுத்து அதன்மேல் போட்டுவிட்டு, வண்டி குலுங்கும் இடங்களிலெல்லாம் தொடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான்.